பெட்டியின் நாலு பக்கம்

அழிந்துவரும் நீர்நாய்களைக் காக்க நாலு அமைப்புகள் கைகோர்த்து நடத்திய பதினோராவது கூட்டம் அது. நீர்நாய் ஜோடியை ஆற்றுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் யாருடைய லோகோ முன்னால் இருக்க வேண்டும் என்று மூன்று மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"லோகோ எங்க வேணா இருக்கட்டும் சார். முதல்ல அதுங்களை ஆத்துல விட அனுமதி குடுங்க," என்றார் கால்நடை டாக்டர், பதினோராவது முறையாக.

"அவசரப்பட்டா எப்படி டாக்டர்? கூட்டு முயற்சின்னா சும்மாவா?" என்றார் தலைவர்.

கடைசியில், பெட்டிக்கு நாலு பக்கம் உண்டு என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். ஆளுக்கொரு பக்கம் என்று முடிவாகி, கைதட்டலோடு கையெழுத்தும் விழுந்தது.

டாக்டர் அனுமதிக் கடிதத்தோடு கூண்டுக்கு ஓடினார். கூண்டைப் பராமரிக்கும் அம்மா அதை வாங்கிப் படித்தாள்.

"ரெண்டும் வேலிக்கடியில குழி பறிச்சு ஆத்துக்கு ஓடி ஏழு மாசமாச்சு. மூணு குட்டியும் போட்டாச்சு. இனிமே இந்த அனுமதி எதுக்கு டாக்டர்?"

"மெதுவாப் பேசும்மா. அனுமதியில்லாம போனது தெரிஞ்சா, திரும்பப் பிடிச்சிட்டு வர்றதுக்கு நாலு பேரும் ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுடுவாங்க."