வெள்ளைக்கு நீண்ட கை

“மத்தியானம் பஸ் வர்றதுக்குள்ள சொல்லிடுக்கா. இல்லேன்னா இந்த ஊர்ப் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில், தேவாலயப் படிக்கட்டில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சில்லை இது. மிசிசிப்பியில் தேவாலயப் படிக்கட்டில் வெயிலைப் பற்றிப் பேசலாம். போன வாரச் சாப்பாட்டில் யார் வீட்டுப் பன்றித்தொடை உப்புக் கரித்தது என்று பேசலாம். அவ்வளவுதான்.

அதனால் லாவோன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். உதட்டில் புன்னகையும் வைத்திருந்தாள். தொப்பியைத் தூக்கிக் கடந்துபோன போதகருக்கும் அதே புன்னகையைச் செலவழித்தாள்.

அக்கா வெர்லி கைப்பையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

மார்ச் மாதம் அவர்களுடைய அம்மா ஒடெஸ்ஸா கண்ணை மூடும்போது, லாவோனின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னது இரண்டே வார்த்தை. “வெர்லியக் கேளு.”

கேட்டாள். அடக்கம் முடிந்த அன்று கேட்டாள். ஈஸ்டர் அன்று கேட்டாள். கேட்ட போதெல்லாம் வெர்லி எழுந்துபோய் எதையாவது சமைத்தாள். லாவோனுக்கு இடுப்பு பெருத்ததுதான் மிச்சம்.

அவளாக யோசித்துப் பார்த்ததில் அப்பாவுக்கு வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம் என்று பட்டது. அல்லது தாத்தா குதிரை திருடியிருக்கலாம். அல்லது கொல்லையில் எங்கேயோ வெள்ளிக் கரண்டிகள் புதைந்திருக்கலாம். இந்தப் பக்கத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் புதைந்த வெள்ளிக் கரண்டிகள் உண்டு. தோண்டியவர்கள் யாருமில்லை.

மெம்பிஸில் வேலை கிடைத்துவிட்டது. பஸ் நிறுத்தம் வரை போக, பெட்டி அக்காவின் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சொல்லாத அக்காவுக்காகத் திரும்பி வருவதாக இல்லை.

லாவோன் பிறந்தது அம்மாவின் நாற்பத்தாறாவது வயதில். அப்போதிருந்த போதகர் பைபிளில் கிழவி சாராள் பிள்ளை பெற்ற கதையை எடுத்துப் பிரசங்கித்தார். சபையே எழுந்து ஆமென் சொன்னது. வெர்லிக்குத்தான் அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மஞ்சள் காமாலைக்கு அலபாமாவில் பெரியம்மா வீட்டில் இருந்தாளாம்.

தேவாலய வாசலில் பிளெட்சோ அம்மாள் ரோஜாக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அன்று அன்னையர் தினம். அம்மா உயிரோடு இருந்தால் மார்பில் சிவப்பு ரோஜா. இல்லாவிட்டால் வெள்ளை. கிழவனானாலும் குமரியானாலும் குத்தாமல் உள்ளே போக முடியாது.

இவர்கள் வீட்டுத் தோட்டத்தில் சிவப்புச் செடி மட்டும்தான். போன வருடம் வரை அது போதுமாக இருந்தது.

காலையில் அதிலிருந்து ஒரு பூவை வெர்லி வெட்டி, காம்பில் ஈரத் துணி சுற்றிக் கைப்பைக்குள் வைத்ததை லாவோன் பார்த்தாள். அம்மாவின் கல்லறைக்காக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பிளெட்சோ அம்மாளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறினால் சொல்வாள். காணிக்கைத் தட்டில் வெறும் கை ஆடினால் சொல்வாள். போன வருடம் மாமியாரையும் அம்மா கணக்கில் சேர்த்துச் சிவப்பு குத்தி வந்த ஒருத்தியைப் பாதிப் பாட்டில் எழுப்பி வெள்ளைக்கு மாற வைத்தாள்.

வெர்லி கூடையிலிருந்து ஒரு வெள்ளை ரோஜாவை எடுத்துத் தன் மார்பில் குத்திக்கொண்டாள்.

“ஒடெஸ்ஸா இல்லாத முதல் வருஷம். என்ன கண்ணு பண்றது, தாங்கிக்கத்தான் வேணும்,” என்றாள் பிளெட்சோ அம்மாள்.

லாவோன் வெள்ளைக்குக் கை நீட்டினாள்.

வெர்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பியானோ தொடங்கிவிட்டது. பின்னால் தொப்பி வைத்த பெண்களின் வரிசை படி வரைக்கும் நீண்டு நின்றது. விசிறிகள் அடித்துக்கொண்டிருந்தன.

“விடுக்கா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

வெர்லியின் வாயிலிருந்து அந்த வார்த்தையை லாவோன் ஆயுளில் கேட்டதில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்றே வாழ்ந்து பழகியவள் அவள்.

வெர்லி கைப்பையைத் திறந்தாள். ஈரத் துணியைப் பிரித்தாள். சிவப்பு ரோஜாவை லாவோனின் மார்பில் வைத்து ஊசியை எடுத்தாள்.

லாவோன் போட்ட உடுப்பையெல்லாம் தைத்துக் கொடுத்த கை அது. உடுத்தியிருக்கும்போதே அளவு பிடித்து ஊசி செருகினாலும் ஒருநாளும் மேலே பட்டதில்லை.

இன்று பட்டது.

“தப்பான பூவ எடுத்துட்ட...” என்று ஆரம்பித்த லாவோன் வெர்லியின் முகத்தைப் பார்த்தாள். அடுத்து வரவேண்டிய “அக்கா” வரவில்லை.

சிவப்பைப் பார்த்தாள். வெர்லியின் வெள்ளையைப் பார்த்தாள். பிறகு பிளெட்சோ அம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் வழக்கம்போல ஒரு அதட்டல் போட்டால் போதும். பூ மாறிவிடும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வரிசையில் விசிறிகள் நின்றுபோயின. தொப்பிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கூரையை ஆராயத் தொடங்கின. அங்கே பார்க்க ஒரு சிலந்திகூட இல்லை.

பிளெட்சோ அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். பூவை நன்றாகப் பார்த்தாள்.

“ஊசிய இன்னும் கொஞ்சம் உள்ள விட்டுக் குத்து, வெர்லி,” என்றாள். “இத்தனை வருஷம் கழிச்சு, கீழ விழுந்துடப் போகுது.”