எஞ்சின் இல்லாத வண்டி

"அண்ணன் போய் வருஷம் கூடத் திரும்பல. அதுக்குள்ள அவர் காரோட குடலை உருவிட்டாரே உன் வீட்டுக்காரர்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மருமகளுக்குச் சுருக்கென்றது. அவளும் அதையேதான் கணவனிடம் கேட்டிருந்தாள்.

"பழைய பெட்ரோல் வண்டி இனிமே ரோட்டுல ஓடக்கூடாதாம். ஒண்ணு இரும்புக்கடைக்குப் போகணும், இல்லேன்னா பேட்டரிக்கு மாறணும். எதைப் பண்ணச் சொல்றே?" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டான் சின்னவன்.

பட்டறையில் அவளே பார்த்தாள். கழற்றிப் போட்ட எஞ்சின் எண்ணெய் ஒழுக ஒரு மூலையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் மோட்டார், டிக்கியில் பேட்டரி. கார் பூனை மாதிரி வீடு வந்து சேர்ந்தது.

அங்கேதான் வந்தது வினை.

மாமியாருக்குப் பார்வை போய்ப் படுத்த படுக்கை. நினைவும் முன்னே பின்னே. பெரியவன் இறந்ததே மனசில் நிற்கவில்லை. சின்னவன் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாலும், சத்தம் கேட்டதும், "பெரியவன் வந்துட்டான். சாப்பாடு போடு" என்பாள்; தானும் சாப்பிடுவாள்.

இப்போது அந்தச் சத்தம் நின்றது. அவள் வாயும் மூடிக்கொண்டது.

"பெரியவன் வரட்டும்."

மருமகள் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். ம்ஹூம். அம்மா சாப்பிடாத வீட்டில் சின்னவனும் தட்டைத் தொடவில்லை. ஆளே பாதியாகிவிட்டான்.

ஒரு சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கார் ஷெட்டில் எஞ்சின் இருமியது. கர்... கர்... பிறகு பிடித்துக்கொண்டு உறுமியது. பெரியவன் காலத்து அதே உறுமல். கூடவே எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கையிலிருந்த துணி நழுவியது. எஞ்சின்தான் பட்டறை மூலையில் கிடக்கிறதே. நாய்? அது செத்துப்போய், எதிர்வீட்டுக்காரி மாமியாரின் கட்டில் ஓரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனாளே.

உள்ளிருந்து குரல் வந்தது. "பெரியவன் வந்துட்டான். சாப்பாடு போடு."

சற்று நேரத்தில் சின்னவன் உள்ளே வந்தான்.

"சத்தம் கேட்டீங்களா?"

"என்ன சத்தம்?" என்று கைகழுவப் போய்விட்டான்.

மறுநாளும் அதே இருமல், அதே உறுமல், அதே குரைப்பு. அதற்கடுத்த நாளும். அம்மாவும் பிள்ளையும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மருமகளுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, உறுமல் கேட்டதும் ஷெட்டுக்குள் போனாள்.

டிரைவர் சீட்டில் யாரோ ஸ்டீயரிங்கில் தலை கவிழ்ந்திருந்தார்கள்.

தலை நிமிர்ந்தது. சின்னவன். மடியில் செல்போன், பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர்.

"எஞ்சினைக் கழட்டக் கொண்டுபோன அன்னிக்குக் காலையில, இங்கேயே ஸ்டார்ட் பண்ணிப் பதிஞ்சு வெச்சேன். அப்போ அந்த நாய் உயிரோட இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதே. இதை நம்பித்தான் அவங்க சாப்பிடறாங்க."

அவள் தட்டோடு மாமியாரிடம் போனாள்.

"பெரியவன் வந்துட்டானா?"

"வந்துட்டார், அத்தை." அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

மாமியார் தடவித் தடவி அவள் கையைப் பிடித்தாள்.

"ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தியா?"

மருமகள் தட்டைக் கீழே வைத்தாள்.

"முதல் நாள் நானும் நம்பிட்டேன், கண்ணு. அப்புறம்தான் கூடக் குலைச்சது செத்த நாயாச்சேன்னு தோணுச்சு. எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினாள். "சின்னவன்கிட்ட சொல்லிடாதே. பெரியவன் வந்துட்டான்னு நான் வாயைத் திறந்தாத்தான், அந்தப் பிள்ளை ஒரு வாய் சாப்பிடுது."