இருபத்தொரு நாள் காய்ச்சல்

“இதைப் போட்டா தன் முகம் எங்கம்மா முகம் மாதிரி ஆயிடுதுன்னு முதல் நாள் தையா தக்கான்னு குதிச்சாரு டாக்டரம்மா. இப்பப் பாருங்க, மூணு வாரமா ஒரு ராத்திரி விடல!”

டிரைவரின் மனைவி பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டரிடம் வந்து வாயைத் திறக்காத முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். போன மாதம் சிக்னலில் நின்றவர், பச்சை விளக்கு மூன்று தடவை வந்து போகும்வரை ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். பின்னால் ஊரே ஹார்ன் அடித்தது. கடைசியில் குறட்டைதான் ஜெயித்தது. பரிசோதித்துப் பார்த்தால், தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறதாம். அப்புறம் பகலில் கண் சொக்காமல் என்ன செய்யும்?

அதற்குத்தான் இந்தக் கருவி. மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டிக்கொண்டு படுத்தால், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்து, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் பஸ் சாவி அவருக்கு. இன்று மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ் வராவிட்டால் சாவி வேறு ஆளுக்கு. கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

“எங்க, ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.”

டிரைவர் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆனது. “சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போட்டுக்கட்டுமா?”

கழுவினார். மறுபடியும் கழுவினார். மூன்றாவது தடவையும் தேய்த்துக் கழுவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மாட்டி, மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

“பரவாயில்லையே, சுத்தக்காரரா இருக்காரே!” என்றார் டாக்டர்.

“இவரா? குடிச்ச டம்ளரைக்கூடக் கழுவ மாட்டாரு. எல்லாம் உங்க கைராசி.”

டாக்டர் சிரித்துக்கொண்டே கருவியைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். அதற்குள்ளே பொட்டு அளவுக்கு ஒரு சிப் இருந்தது. வாயின் சூட்டை வைத்து, எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்று அது குறித்துக்கொள்ளும். இதை முதல் நாளே டிரைவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

திரையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

“தினம் எவ்வளவு நேரம் போட்டிருந்தீங்க?”

“ராத்திரி பூரா, டாக்டரம்மா.”

“இதுல இருபத்து மூணரை மணி நேரம்னு காட்டுதே!”

“அது… சீக்கிரம் குணமாகட்டுமேன்னு பகல்லயும்…”

“அப்ப எப்பச் சாப்பிட்டீங்க?”

“மிச்சம் அரை மணி நேரம் இருக்குல்ல?”

மனைவி குறுக்கே புகுந்தாள். “இதைக் கழற்றி வைக்கிற டப்பா எப்பப் பார்த்தாலும் காலியாத்தான் கிடந்துச்சு. அதுக்கு நான் சாட்சி! காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு ஹால்ல படுக்கிறவ நான், வேற எனக்கென்ன தெரியும்?”

“அது கிடக்கட்டும். சூடு நூத்தி நாலு டிகிரி இருக்கே!”

“அன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி…”

“என்னிக்குங்க? இருபத்தொரு நாளும் நூத்தி நாலு! ராத்திரி பகல் இறங்கவே இல்ல. இப்படிக் காய்ச்சல் அடிச்சா மனுஷன் இப்படி உட்கார்ந்து பேச முடியுமா?”

நர்ஸ் ஓடிவந்து தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் துளியும் இல்லை. டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“உண்மையைச் சொல்லுங்க. வெந்நீர்ல போட்டு வெச்சீங்களா?”

“சத்தியமா இல்ல டாக்டரம்மா!”

இது மட்டும் உண்மை. டாக்டரும் நம்பினார். “ஆமா, வெந்நீர்னா ஆறியிருக்கும். இது ஆறவே இல்லையே” என்று முணுமுணுத்தவர் போனை எடுத்தார். “பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். உள்காய்ச்சலா இருக்கும். இப்பவே சேர்ந்திடுங்க. முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பாங்க.”

மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். “மூச்சு நின்னு நின்னு வருதுன்னு சொன்னப்பவே எனக்குப் பாதி உயிர் போச்சு. இப்ப உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு வேற இருக்கீங்களா? அந்த வேலை போனாப் போகட்டுங்க, நீங்க இருந்தாப் போதும் எனக்கு!”

கடிகாரத்தில் மணி நாலரை. டிரைவர் அதைப் பார்த்தார், அழுகிற மனைவியைப் பார்த்தார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

“போனை வெச்சிடுங்க டாக்டரம்மா! எனக்கு ஒரு காய்ச்சலும் இல்ல. அது ஒரு ராத்திரிகூட என் வாயில இல்ல. இருபத்தொரு நாளும் எங்க வீட்டு அடைக்கோழிக்கு அடியில, முட்டையோட முட்டையாத்தான் கிடந்துச்சு!”

டாக்டர் போனை வைத்தார். சான்றிதழை எடுத்து மளமளவென்று நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

“அஞ்சு மணிக்குள்ள குடுத்திடுங்க. கோழி பேர்லதான் எழுதியிருக்கேன். நாளையிலேர்ந்து பஸ்ஸை அந்தக் கோழியே ஓட்டட்டும்.”