பஞ்சு குடித்த மை

மாலை நான்கரை மணி வெயில், சன்னல் கம்பிகளின் நிழலைக் கணக்காளரம்மாவின் தாளின் மேல் சாய்த்துப் போடுகிறது. நான்கு வருடத்துக்கு முன் இந்த பிரிண்டர்தான் மலிவு என்று எழுதிக் கொடுத்தவர் அவர். அது இதுவரை எவ்வளவு தின்றிருக்கிறது என்று ஐந்து மணிக்குள் மேலாளருக்குச் சொல்லியாக வேண்டும். வாங்கிய விலை ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. மை வாங்கிய ரசீதுகளோ மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அச்சடித்த பக்கங்களை எத்தனை முறை கூட்டினாலும் பாதி மைக்குத்தான் கணக்கு வருகிறது. மீதி எங்கே என்று கேட்டால் எல்லார் விரலும் அவரைத்தான் காட்டும். பக்கத்தில், பிரிண்டரின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் மெக்கானிக், மை ஊறிக் கறுத்துப்போன பஞ்சு ஒன்றை வெளியே எடுக்கிறார்.

"சாயங்காலம் சுவிட்ச்சை அணைச்சிடுவீங்களாக்கா?"

"பின்னே, கரண்ட் வீணாகாதா? நானே அணைச்சிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். ஒருநாள் தவறினதில்ல."

"அதான். காலையில போட்டதும் அடைப்பு எடுக்க மையை ஊத்தி வாய் கொப்பளிக்குது. உங்க மையில பாதியை இந்தப் பஞ்சு குடிச்சிருக்கு."

மெக்கானிக் சிரிக்கிறார். கணக்காளரம்மா பேனாவை மூடுகிறார், திறக்கிறார். கடைசி வரியில், 'மீதி மை: தினமும் சுவிட்ச்சை அணைத்ததால் போனது. அணைத்தது நான்' என்று நிறுத்தி நிதானமாக எழுதுகிறார். தாளை மேலாளர் மேசையில் வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, கை தானாகப் பிரிண்டர் சுவிட்ச்சுக்குப் போகிறது. போய், அதன் மேலேயே நிற்கிறது.