பத்தாவது படிவம்

"உண்மையைச் சொல்லுங்க ஏவெர்ட், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் ரைலி. பின்னால் வருகிறவளுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னாள். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. இன்னிக்கு ஒரு நாள் அந்த வீறாப்பு வேண்டாம்."

"நான் எப்போ பொய் சொன்னேன்?" என்றார் கதவைத் திறந்த எண்பத்தாறு வயது ஏவெர்ட்.

ரைலி திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பனியில் சறுக்கிச் சறுக்கி வந்துகொண்டிருந்தவள் ஹெட்டா. பல்கலைக்கழக ஆய்வாளர். இந்த வட பின்லாந்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் ஒன்பது முதியவர்களுக்கு வீட்டு உதவி இனியும் தேவைதானா என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வந்தவள். பதினெட்டு வருடமாக அந்த உதவி என்பது ரைலியும் அவள் ஓட்டும் நகராட்சிக் காரும்தான். தேவையில்லை என்று அறிக்கை போனால் அடுத்த மாதமே கார் நின்றுவிடும். அப்புறம் இவர்களை எல்லாம் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முதியோர் இல்லத்துக்கு மூட்டை கட்டி அனுப்புவார்கள். அங்கே நாலு மாதம் தாங்கமாட்டார்கள் என்று ரைலிக்குத் தெரியும்.

கதவருகே பூட்ஸ் கழற்ற ஒரு முக்காலி போட்டிருந்தது. போன வாரம் அது இல்லை. விருந்தாளி வருகிறாள் என்றதும் மனுஷனுக்கு மிடுக்கைப் பார் என்று நினைத்தாள் ரைலி. அதில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. விறகுப் பெட்டி நிரம்பியிருந்தது. காரியம் கெட்டது.

"வீட்டு வேலையெல்லாம் யார் செய்யறாங்க?" என்று கேட்டாள் ஹெட்டா.

"கை கால் இருக்கே தாயி. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"குளியல்?"

"சாவ்னாவுக்கு நானே விறகு போட்டு, நானே குளிச்சுட்டு வருவேன். ராஜா மாதிரி."

போன மாதம் அந்த சாவ்னா நீராவி அறையில்தான் ராஜா வழுக்கி விழுந்து, பலகைக்கு அடியில் கிடந்தார். ரைலி தனியாளாகத் தூக்கி உட்கார வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"போன மாசம்..." என்று இழுத்தாள் ரைலி.

"அவ எதையுமே பெரிசு பண்ணுவா. நீ காபி குடிம்மா" என்றார் ஏவெர்ட், ஏலக்காய் ரொட்டியை ஹெட்டா பக்கம் நகர்த்தி.

ஹெட்டா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "கடைசியா ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு நீங்க வெளியே இருக்கணும் ரைலி" என்றாள்.

காரில் உட்கார்ந்து ரைலி நகத்தைக் கடித்தாள். நம்மை வைத்துக்கொண்டே இப்படிப் புளுகுகிறவர், தனியாக விட்டால் என்னென்ன சொல்வாரோ.

எல்லா வீட்டிலும் இதே கூத்து. தன் சட்டைப் பொத்தானைப் போட முடியாத ஒருவர், கூரைப் பனியைத் தானே தள்ளுவதாகச் சொன்னார். ஹெட்டா அதையும் எழுதிக்கொண்டாள். எல்லா வீட்டிலும் கடைசிக் கேள்விக்கு ரைலி வெளியே போனாள்.

ஒன்பதாவது வீடு சைமியுடையது. சைமிக்குக் கண் முக்கால்வாசி போய்விட்டது. கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை வேறு. தினமும் காலையில் ரைலிதான் தரையில் முட்டி போட்டு மாட்டிவிட வேண்டும். இவளாவது மாட்டாமல் உட்கார்ந்திருப்பாள், ஹெட்டா கண்ணால் பார்க்கட்டும் என்று நம்பி உள்ளே போனாள் ரைலி.

சைமி காலை நீட்டிக் காட்டினாள். இரண்டு காலிலும் காலுறை. ஒன்று உள்பக்கம் வெளியே தெரிய.

"நானே போட்டுக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கேன். யாரும் வந்து குனிய வேண்டாம்" என்றாள்.

ரைலிக்கு அழுகை வந்தது. 

திரும்பிக் காருக்கு வந்தபோது மணி இரண்டுதான், அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. ஹெட்டா ஏறி உட்கார்ந்ததும் ரைலியால் அடக்க முடியவில்லை.

"அத்தனை பேரும் பொய் சொல்றாங்க. ஒருத்தராலயும் முடியாது. இது இந்த ஊர் வியாதி. உயிர் போய்க்கிட்டிருந்தாலும் நல்லா இருக்கேன்பாங்க. அதை நம்பி நீங்க எழுதினா..."

"எங்க அப்பாவும் அப்படித்தான்" என்றாள் ஹெட்டா. "அதுக்குத்தான் அந்தக் கடைசிக் கேள்வியே. உங்களுக்கு உதவி வேணுமான்னு அதுல கேட்கறதில்ல. இந்த ஊர்ல யாரை நினைச்சா உங்களுக்குக் கவலையா இருக்குன்னு கேட்பேன். அடுத்தவங்களைப் பத்தின்னா எல்லாரும் உண்மையைச் சொல்லிடுவாங்க."

"சைமியைச் சொல்லியிருப்பாங்க. இல்லேன்னா ஏவெர்ட்டை."

"ஒன்பது வீட்டிலயும் ஒரே பேர். ஆனா அவங்க ரெண்டு பேரும் இல்ல. அந்த ஆளுக்குத் துணையா உடனே இன்னொருத்தரைப் போடச் சொல்லி எழுதுன்னாங்க. நானும் எழுதத்தான் போறேன். அந்த ஆள் முட்டி போட்டு எழுந்திருக்கத் திணறறதைப் பார்க்கப் பொறுக்காம, ஒரு வீட்டில விடிகாலை நாலு மணியிலேர்ந்து காலுறையோட மல்லுக்கட்டினாங்களாம். இன்னொரு வீட்டில, அந்த ஆள் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றட்டும்னு பரண்லேர்ந்து முக்காலியை இறக்கினாங்களாம்."

ரைலி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பக் குனிந்தாள்.

ஹெட்டா பையிலிருந்து பத்தாவதாக ஒரு படிவத்தை எடுத்து, அதன் தலைப்பில் ரைலியின் பெயரை எழுதினாள்.

"சொல்லுங்க. இந்த இடுப்பு வலி ஏவெர்ட்டைத் தூக்கின அன்னிக்கு வந்ததா, அதுக்கு முன்னாடியே இருந்ததா?"

"இடுப்பா?" என்றாள் ரைலி. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."