லேமினேட்டா, டைல்ஸா?

"இது எவ்வளவு இதமா இருக்கு பாரு! காலை எடுக்கவே மனசு வரல."

கடையில் மாதிரிக்காக விரித்திருந்த, மரம் போன்ற லேமினேட் தரைப் பலகைகள் மேல் வெறுங்காலோடு நின்று சொன்னாள் மாமியார். மகனுக்கு வாயெல்லாம் பல்.

"அப்போ அம்மா ரூமுக்கும் ஹாலுக்கும் இதையே போட்டுடலாம் சார்" என்றான் கடைக்காரரிடம்.

"வேண்டாம். டைல்ஸே போடுங்க" என்றாள் மருமகள்.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக இதே தொழில். உள்ளே நுழையும்போதே எந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"இப்போ இருக்கிறதும் டைல்ஸ்தானேம்மா. விடியக்காலையில காலை வச்சா சில்லுனு முட்டி வரைக்கும் குடையுது" என்று மென்று முழுங்கினாள் மாமியார்.

"சாக்ஸ் போட்டுக்கங்க அத்தை."

வெடுக்கென்று வந்தது பதில். அடேயப்பா, என்ன வாய்! கடைக்காரர் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா ஆசைப்பட்டுக் கேட்கிறதே இது ஒண்ணுதான். அதுக்கும் உனக்கு ஏன் மூக்கு மேல கோபம் வருது?"

அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "தண்ணி பட்டா இது என்ன ஆகும் சார்?"

"உடனே துடைச்சிட்டா ஒண்ணும் ஆகாதும்மா."

"கவனிக்காம விட்டுட்டா?"

பெரியவள் பக்கம் பேசத்தான் கடைக்காரருக்கு ஆசை. ஆனால் சரக்கு விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "இடுக்குல இறங்கி உப்பிடும். அப்புறம் பலகையைப் பேர்த்து மாத்தறதைத் தவிர வேற வழியில்ல."

"கேட்டீங்களா?" என்றாள் கணவனிடம்.

"ஹால்ல யாரு தண்ணி கொட்டப் போறா?"

"நான்தான். நான் ஒரு அவசரக் குடுக்கை. தினமும் எதையாவது கொட்டிட்டே இருப்பேன்."

"அப்போ கொட்டாம இருக்கக் கத்துக்கோ!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமியாருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"விடுடா. வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவ அவதானே, அவ இஷ்டப்படியே இருக்கட்டும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு மகனும் பின்னாலேயே போனான்.

மருமகள் நிதானமாக வழுக்காத டைல்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இதையே எழுதிக்கங்க சார்" என்றாள்.

கடைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "தப்பா நினைக்காதம்மா. வயசானவங்க வாய்விட்டுக் கேட்டாங்க. உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டுக்கிறேன்" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஐயோ, வேண்டாம் சார்!"

அவள் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். குரல் தணிந்தது.

"அத்தையால யூரினை அடக்க முடியறதில்ல சார். பாத்ரூம் போறதுக்குள்ள வழியெல்லாம் சொட்டிடுது. அது அவங்களுக்கே தெரியறதில்ல. பின்னாலேயே போய் நான் துடைச்சிடறதால இதுவரைக்கும் யார் கண்ணுலயும் படல. நான் வீட்டுல இல்லாத ஒரு நாள், அந்தப் பலகை உப்பி அவங்க மானத்தை வாங்கிடக் கூடாது, அதான்."