ஆடிப்பூரத்து பஸ்

இராஜபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸை ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் பத்துப் பதினைந்து பையன்கள் மறித்தார்கள். ஒருவன் பானெட்டில் ஓங்கி அடித்தான்.

"ஒருத்தர் விடாம எறங்குங்க! இல்லேன்னா பஸ் நகராது!"

சுடலையம்மாள் சட்டென்று எழுந்தாள். மகளை இழுத்து சீட்டுக்கு அடியில் திணித்தாள்.

அவளோடு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் மாரியாத்தாள் சிரித்தாள். "ஏட்டி, கோட்டி பிடிச்சிருச்சா? ஆண்டாள் தேருக்குப் போறவுகளுக்குப் புளியோதரை குடுக்கானுவ. கையில கரண்டியப் பாரு."

"கரண்டியப் பாத்துட்டுத்தான்க்கா பிள்ளைய ஒளிச்சேன்."

"என்னட்டி ஒளறுத?"

"நாங்க சிலோன்ல இருந்தப்ப, போன வருசம் வெசாக் மாசம். புத்தருக்கு விரதம் இருந்த சிங்களப் பயலுக இப்படித்தான் பஸ்ஸ மறிச்சு, எல்லாரையும் எறக்கிச் சோறு போட்டாங்க. எம் மகன் ரெண்டு தடவ வாங்கித் தின்னான்."

"புண்ணியந்தானட்டி?"

"ரெண்டு மாசம் கழிச்சுக் கலவரம் வந்துச்சு. அதே பயலுக, அதே எடத்துல பஸ்ஸ மறிச்சாங்க."

மாரியாத்தாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சோறுன்னு நெனச்சு, எம் மகன்தான்க்கா மொதல்ல குதிச்சு எறங்குனான்."